நின்றவருக்குத் தைத்த மழைக்கோட்டு

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முட்டிவலி அதே முட்டிவலி, தையல் மெஷினும் அதே சத்தம். சுற்றி வளைத்தால் எழுதாமலேயே விட்டுவிடுவேன் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சோங் மாலிம் பக்கம் மூன்று தோட்டத்து ஆஸ்பத்திரிகளையும் நீயே பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்காக மோட்டார் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள், அங்கே மழை பிடித்துக்கொண்டது, அப்பாவுக்குத் தைத்துக் கொடுத்த மாதிரி எனக்கும் ஒரு மழைக்கோட்டு தைத்து அனுப்புங்கள் அம்மா என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. தைத்து அனுப்ப மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. உனக்கு இல்லாததா? ஆனால் இந்த ஒன்றை மட்டும் என் கையால் செய்ய மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எட்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

அப்பா கோப்பெங் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்தபோது நீ ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அதனால் உனக்குக் கதையில் பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் நான் சொன்னது. துரை கார் வாங்கியதும் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வேலைக்கென்று அப்பாவிடம் கொடுத்தார். அதுவரை சைக்கிளை மிதித்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் காய்ச்சல் பார்த்து, கொயினா மாத்திரை கொடுத்து வந்த மனுஷன். வண்டி வந்ததும் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டையும் சேர்த்து அவர் தலையில் கட்டிவிட்டார்கள். செம்மண் ரோடு, மூன்று மணிக்கு மேலே தவறாமல் மழை. முதல் வாரம் குடை பிடித்துக்கொண்டு ஓட்டப் பார்த்தாராம். குடை போய் ஈயம் தோண்டிய லம்பத்துக் குட்டையில் விழுந்ததாம். வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கிறவரைப் பார்த்து எனக்கு வேகம் வந்துவிட்டது. நான் ஒரு கோட்டு தைக்கிறேன் என்றேன்.

ஈப்போவில் வெள்ளைக்காரர் கடையில் மழைக்கோட்டு விற்றது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவே ஒரு தரம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். நான்தான் விடவில்லை. "ஒலகத்துக்கே ரப்பர் அனுப்பறது நாம. அவன் அத வாங்கித் துணியில தடவி நமக்கே திருப்பி விக்கிறான். நம்ம ஸ்டோர்ல வாளி வாளியா ரப்பர் பால் இருக்கு, எங்கிட்ட மெஷின் இருக்கு" என்றேன். என்ன பேச்சு அது! தோட்டத்தில் அப்போது எல்லோருக்கும் அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. ரப்பர் காட்டிலேயே கிடந்து புழங்குகிறோமே, நமக்குத் தெரியாத ரப்பரா என்று. ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி ஒரு வாளி பால் கொடுத்தார். கெட்டிக் காக்கித் துணியை வாங்கித் தைத்து, தேங்காய் நாரால் பாலைத் தொட்டுத் தொட்டு மூன்று பூச்சு பூசினேன். ரப்பர் ஷீட்டு காயப் போடும் புகை வீட்டில் இரண்டு நாள் தொங்கவிட்டோம். தேன் நிறத்தில், புகை போட்ட பன்றி இறைச்சி மாதிரி ஒரு வாசனையோடு வந்தது. எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது.

அதைச் சோதித்துப் பார்த்த கதையை நீ எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாய். வீட்டு வாசலில் அப்பாவை நிறுத்தி, நான் முக்காலி மேல் ஏறி, ஒரு குடம் தண்ணீரைத் தோளில் ஊற்றினேன். ஞானஸ்நானம் வாங்குகிறவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கையை அகட்டி நின்றார். கோட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. கிராணி வீட்டம்மா கைதட்டினாள். லயத்துப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். இதுவரைக்கும் நான் உனக்குச் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் மகனே, மோட்டார் சைக்கிளில் யாரும் நின்றுகொண்டு போவதில்லை. மழையும் அங்கே மேலிருந்து விழுவதில்லை. எதிரேயிருந்து முகத்தில் அடிக்கிறது. நான் நின்றவருக்குத் தைத்தேன், உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தைக்கவில்லை. அதை யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் மழையன்று வந்ததும் அப்பா சொன்னார். ஒரே ஒரு தரம்தான் சொன்னார், அதுவும் எவ்வளவு பதமாக. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உக்காந்தா முன்னால பட்டன் சந்துல கொஞ்சம் தண்ணி எறங்குது. மடியில தேங்குது. வெயில்ல கொஞ்சம் பிசுபிசுன்னு ஒட்டுது, அவ்ளோதான்." நான் அப்போது துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைத் தூக்கி வாசலில் எறிந்தேன். பட்டனை ஒழுங்காகப் போடத் தெரியாத ஆளுக்குத் தைத்தது என் புத்தி, போய் வெள்ளைக்காரனிடமே வாங்கிக்கொள்ளுங்கள், இனிமேல் நான் அடுப்படியோடு நின்றுகொள்கிறேன் என்று என்னென்னவோ பேசினேன். அதோடு விட்டேனா? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வேன். மூன்றாம் நாள் அவரே கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்து மெஷின் மேல் வைத்துவிட்டு, "கோட்டு நல்லாத்தான் இருக்கு, புள்ள. நாந்தான் பட்டன சரியா போடல" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. காலையில் நான் பார்க்கக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். சாயந்தரம் அதே கோட்டோடு வருவார். உள்ளே சட்டை நனைந்திருக்கும், வேர்வை என்பார். நான் நம்பினேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தச் சட்டைகளைத் துவைத்துப் பிழிந்தவள் நான். முதலில் கழுத்தைச் சுற்றி ஈரம், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஈரம், மடியில் ஈரம், போகப் போகச் சட்டை முழுக்கவே ஈரம், பிழிந்தால் செம்மண் தண்ணீர். வேர்வையில் செம்மண் ஏது? எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை ஒத்துக்கொண்டால் கோட்டு சரியில்லை என்று ஆகிவிடுமே, அதனால் வாயை மூடிக்கொண்டு பிழிந்தேன்.

கடைசியில் ஒருநாள் கோட்டு இல்லாமல் வந்தார். தலையிலிருந்து கால் வரை தண்ணீர். பல் கிட்டிக்கொண்டு நடுங்குகிறார், வண்டியை நிறுத்தக் கை வரவில்லை. அவரைப் பார்த்ததும் நான் என்ன கேட்டேன் தெரியுமா? ஐயோ என்று ஓடிப்போய்த் துண்டு கொடுக்கவில்லை. "கோட்டு எங்க?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் மறந்து வைத்துவிட்டேன் என்றார். மூன்று நாள் உழைப்பு, அருமை தெரியாத மனுஷன் என்று அவர் ஈரத் துணியோடு நிற்க நிற்கவே பேசினேன். அவர் சரி சரி என்று தலையை ஆட்டினார். அன்றைக்கே காய்ச்சல். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்தவர், தனக்கு என்னவென்று என்னைவிட முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். பதினோராம் நாள் போய்விட்டார். அப்போது உனக்குப் பதினான்கு வயது. கல்லறையில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, அப்பாதான் கோட்டு போட்டிருந்தாரே, அப்புறம் எப்படி என்று கேட்டாய். அந்தக் கோட்டு இல்லாவிட்டால் இன்னும் முன்னாலேயே போயிருப்பார் என்று சொன்னேன். பெற்ற பிள்ளையிடம், அதுவும் அந்த இடத்தில். நீ நம்பினாய். நம்பித்தான் இப்போது எனக்கும் ஒன்று தைத்துத் தாருங்கள் என்கிறாய்.

கோட்டைப் பற்றிய உண்மை எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் முழுதாகத் தெரிந்தது. தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் சேரும் முனையில் ஒரு சீனக் கிழவர் காப்பிக்கடை வைத்திருந்தார், கடை முதலாளி என்பதால் எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அம்மா, இது டிரெசர் புன்யா பாஜுலா" என்றார். டிரெசரின் சட்டை என்று மலாயில் சொல்கிறார். பிரித்தால் என் கோட்டு. மடித்தது மடித்தபடி ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருந்தது. கோட்டின் கையைப் பிரிக்கப் பார்த்தேன், துணியோடு கிழிந்து வந்தது. பெட்ரோல் பட்ட இடமெல்லாம் கரைந்து கோந்தாகிக் கிடந்தது. கிழவர் அரை மலாயிலும் அரைத் தமிழிலுமாகச் சொன்னதெல்லாம் இதுதான்: அந்த மழைக்காலத்தின் கடைசி மாதத்தில் தினமும் காலையில் டிரெசர் கடைக்கு வந்து கோட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார். வெயிலில் அது மேலில் ஒட்டுகிறது, கையை மடக்கி வண்டியைத் திருப்ப முடியவில்லை, நீளமாக இருப்பதால் வால் சக்கரத்தில் மாட்டப் பார்க்கிறது என்பாராம். சாயந்தரம் நனைந்துகொண்டே வந்து, கடையில் மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அந்தக் கடைசி நாள் யாரோ அதை மடித்து அடுப்புப் பக்கம் வைத்துவிட, பிரிக்க வரவில்லை. அரைமணி நேரம் முயன்று பார்த்தாராம், மழை அடங்கும் வரை இருங்கள் என்றதற்கும் கேட்கவில்லையாம். பிடிக்காத கோட்டை எதற்குத் தினமும் மாட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கிழவர் முன்பே ஒருநாள் கேட்டிருக்கிறார். அப்பா சொன்ன பதிலை அவர் அப்படியே சொன்னார். "வீட்டுல அது ஆசையா தச்சது, தவுக்கே. சொன்னா சங்கடப்படும்."

சங்கடப்படும் என்றாராம். சண்டை போடும் என்று சொல்லவில்லை பார். கடைக்காரரிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை. நான் அந்தக் கட்டியைக் கொண்டுபோய்ப் புகை வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். பிறகு ஈப்போவுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குச் சட்டையும் கவுனும் தைத்துவிட்டேன். கோட்டு என்று யாராவது துணியைக் கொண்டுவந்தால் கை ஓடாது, திருப்பி அனுப்பிவிடுவேன். ஏன் என்று நீயும் ஒருதரம் கேட்டாய். கண் சரியில்லை என்று உன்னிடமும் ஒரு பொய்.

உன் கடிதத்துக்குப் பிறகு புதன்கிழமை அந்த வெள்ளைக்காரர் கடைக்கே போனேன். நம்மூர்த் தமிழ்ப் பையன் ஒருவன் அங்கே விற்கிறான். நான்கு கோட்டுகளை எடுத்துப் போட்டான். அவனையே ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லி, ஒரு ஸ்டூலில் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்காரவைத்து, கையை முன்னால் நீட்டச் சொன்னேன். பிறகு ஒரு மக்கு தண்ணீர் கேட்டேன். "அக்கா, இது கடைலா. குளிக்கிற எடம் இல்ல" என்றான். சிரிக்கவில்லை, பாவம், நிஜமாகவே பயந்துவிட்டான். தண்ணீர் கிடைக்காவிட்டால் என்ன, உட்கார்ந்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு கோட்டுகளின் கை முழங்கை வரை ஏறிக்கொண்டது. ஒன்றின் முன்பக்கம் பிளந்து மடி தெரிந்தது. அப்பாவின் சட்டைகளில் முதலில் ஈரம் எங்கெங்கே இருந்ததோ அந்த இடங்களையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அப்போதே பார்த்திருக்க வேண்டிய பார்வை.

ஆகவே இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு நீயே போய் வாங்கு. கடையில் நின்றுகொண்டு கண்ணாடியில் பார்க்காதே. உட்கார், கையை நீட்டு, உடம்பைத் திருப்பு. கை நீட்டும்போது மணிக்கட்டு மூடியிருக்க வேண்டும், உள்ளே இறுக்கிப் பிடிக்க இன்னொரு சின்னக் கைப்பட்டி இருந்தால் ரொம்ப நல்லது. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் அகலமாவது ஏறி, பட்டன் ஓரமாக வர வேண்டும். நடுவில் பட்டன் வைத்ததைத் தொடவே தொடாதே. கழுத்துப் பட்டியில் கம்பளித் துணி உள்ளே வைத்திருக்கிறதா பார். நீளக் கோட்டு பார்க்கக் கம்பீரமாக இருக்கும், வேண்டாம். முட்டிக்கு மேலேயே நிற்கட்டும், காலுக்குத் தனியாக மழைக்கால்சட்டை வாங்கு. அதைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும், உள்ளே செருகினால் மழைத்தண்ணீரெல்லாம் நேராகப் பூட்ஸுக்குள் போய்விடும். கோட்டை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கதவு. மேலே ரப்பர் பட்டை ஒட்டி அடைத்திருக்க வேண்டும். நான் தைத்ததில் அது கிடையாது.

எண்ணெய்த்துணிக் கோட்டும் விற்கிறார்கள். கப்பல்காரர்கள் போடுவார்களாம். அது நம் வெயிலுக்கு ஆகாது, ஒட்டும், நாறும். ரப்பர் துணி வாங்கினால், கந்தகம் சேர்த்துச் சூட்டில் பதம் செய்த ரப்பர்தானா என்று கேள். அந்தக் கடைப் பையன்தான் எனக்கு இதைச் சொன்னான். கந்தகம் சேராத பச்சை ரப்பர் வெயிலில் இளகும், பெட்ரோலில் கரையும், மடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ரப்பர் காட்டில் பதினைந்து வருஷம் இருந்தவள், எனக்கு அது தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்கவும் இல்லை. எது வாங்கினாலும் மடித்து வைக்காதே, நிழலில் தொங்கவிடு. பெட்ரோல் ஊற்றும்போது கழற்றி வை. அதற்கு மேலும் மழை பலமாக இருந்தால் ஏதாவது கடையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடி. நோயாளி அரைமணி நேரம் காத்திருப்பான்.

இதையெல்லாம் எழுதினால் மனசு இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. நேற்று உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். குவார்ட்டர்ஸ் நன்றாக இருக்கிறது, துரை நல்லவர், சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு குறையும் இல்லை. நீ பத்து வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன அந்தக் கறுப்பு பூட்ஸ் ஞாபகமிருக்கிறதா? நான் பார்த்துப் பார்த்து வாங்கினேன் என்பதற்காக ஒரு வருஷம் விரலைச் சுருட்டிக்கொண்டு நடந்திருக்கிறாய். சித்தி உன் கால் விரலைப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பியபோது நான் அவளோடுதான் சண்டைக்குப் போனேன். உன் அப்பா சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டார், நீயும் கற்றுக்கொண்டாய். இரண்டு பேருக்கும் கற்றுக்கொடுத்தது நான். நல்ல மனசு அவருடையது, உனக்கு வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்த நல்ல மனசுதான் அவரை மழையில் அனுப்பியது. நாளைக்கு ஒருத்தி உன் வீட்டுக்கு வருவாள். அவள் வைக்கிற குழம்பில் உப்பு அதிகமென்றால் அன்றைக்கே சொல்லு. அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நீ உயிரோடு பக்கத்தில் இரு. அவளும் உன்னிடம் எதையும் பயமில்லாமல் சொல்லும்படி நடந்துகொள்.

போன மாதம் உனக்கு இரண்டு வெள்ளைச் சட்டை தைத்து அனுப்பினேன். ரெண்டும் அளவு கச்சிதம் என்று எழுதினாய். இன்று காலை என் அளவு நோட்டைப் புரட்டினேன். அதிலிருந்த உன் கழுத்தளவு உனக்குப் பதினெட்டு வயதில் எடுத்தது. நாலு வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் ஆளும் தோளுமாக வளர்ந்துவிட்டாய், போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நானே என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சட்டை உனக்குக் கச்சிதமாக இருக்க வழியே இல்லை, மகனே.

நலமாக இருக்கிறாயா என்று இப்போது கேட்கிறேன். பதிலில் கோட்டைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கழுத்தை இறுக்குகிறதா இல்லையா, அதை மட்டும் எழுது. இறுக்கினால் இறுக்குகிறது என்று எழுது. நான் கத்தரிக்கோலை எறிய மாட்டேன்.

உன் அம்மா